ஐந்து வரிக்குள்

என் மகள் தன் பிள்ளைகள் இருவரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதில்லை. மாப்பிள்ளையூரணியில் புது வீடு கட்டிக் குடிபோன கையோடு, இனி படிப்பெல்லாம் வீட்டில்தான் என்று அறிவித்துவிட்டாள். இதைக் கேட்டால் நம் வயதுக்காரர்களுக்குத் தலை சுற்றும். எனக்குச் சுற்றவில்லை. போன மாதம் அவள் என்னிடம் ஒரே ஒரு உதவி கேட்டாள். பிள்ளைகள் வாரம் ஒரு புத்தகம் படிக்கிறார்கள், படித்ததைச் சுருக்கி எழுதத் தெரியவில்லை, கதையைப் போலவே சுருக்கமும் நீளுகிறது, நீங்கள் சொல்லிக்கொடுங்கள் என்றாள். முடியாது என்றேன். "சும்மாதான இருக்கீங்க, ஒரு மணி நேரம் உக்காந்தா என்னம்மா?" என்றாள். மறுபடியும் முடியாது என்றேன். இரண்டு வாரமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறாள்.

அவளிடம் காரணம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களிடம் சொல்லலாம். நீங்களும் இன்லண்ட் லெட்டரின் ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டியவர்கள். தமிழ் இரண்டாம் தாளில் 'மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி வரைக' என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவைத்து, நேரம் போதாமல் விட்டுவிட்டு வந்தவர்கள். நான் அதை முதலில் எழுதுவேன். முழு மதிப்பெண்ணும் வாங்குவேன். அந்தத் திறமை எப்படி வந்தது, அதை வைத்து என்ன செய்தேன் என்பதுதான் இது.

நானும் அண்ணனும் ஒரு வருஷம் பள்ளிக்கூடம் போகவில்லை. எனக்குப் பதினொரு வயது, அவனுக்குப் பதின்மூன்று. அம்மா நாசரேத் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்தாள். தனக்கு வரவேண்டிய பதவி வேறொருவருக்குப் போய்விட்டது என்று பதினோரு பக்கத்துக்கு ஒரு மனு எழுதினாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினாள், எங்களுக்குச் சோறு போடக்கூட எழுந்திருக்கவில்லை. மனு திரும்பி வந்தது. மேலே யாரோ பென்சிலால், 'மிக நீளம். சுருக்கி எழுதி அனுப்பவும்' என்று கிறுக்கியிருந்தார்கள். யாரும் அதைப் படித்ததாகவே தெரியவில்லை. அம்மா அன்றைக்கே வேலையை விட்டாள். விட்டதோடு நிற்கவில்லை, தன் பிள்ளைகளும் எந்தப் பள்ளி வாசலையும் மிதிக்கக்கூடாது என்று எங்களையும் நிறுத்திவிட்டாள்.

அப்பாவுக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில் இறங்கும் சரக்கை எண்ணி எழுதும் வேலை. "ஒரு வருசம் போட்டும், கோவம் தணிஞ்சா அவளே அனுப்புவா" என்று எங்களிடம் ரகசியமாகச் சொன்னார். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. அப்பாவின் தைரியம் அவ்வளவுதான்.

அம்மா வேலையை விட்டதும் தூத்துக்குடிக்குக் குடிவந்து, கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். சுற்றிலும் மாதா கோயில்காரர்கள், கடல் தொழில் குடும்பங்கள். நாங்கள் நாசரேத்து வேதக்காரர்கள். எல்லாரும் கிறிஸ்தவர்கள்தாம், ஆனாலும் அம்மா அவர்களோடு அளந்துதான் பேசுவாள். "வளவளன்னு பேசுத சனம்" என்பாள். தெருமுனையில் ஒரு கொட்டகை. குளியாட்கள் கடலிலிருந்து எடுத்த சங்கை அங்கே மலையாகக் குவித்துப் போட்டிருப்பார்கள். உள்ளே இருக்கிற சதை அழுகிக் கழன்று விழுகிறவரை சங்கு அப்படியே கிடக்கும். அந்த நாற்றமும் அந்த ஈக்களும் எங்கள் சோற்றுத் தட்டுவரை வரும். வந்த புதிதில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தேன். ஒரு மாதத்தில் பழகிவிட்டது.

காலையில் கணக்கும் இங்கிலீஷும். மத்தியானம் முழுக்கச் சுருக்கம். அம்மாவிடம் ஒரு பென்சில் இருந்தது, ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். இப்போது அந்த மாதிரிப் பென்சில் கடைகளில் கிடைப்பதில்லை. வைக்க வேண்டியதற்கு நீலக் கோடு, வெட்ட வேண்டியதற்குச் சிவப்புக் கோடு. நீல முனை கட்டையாகாமல் அப்படியே இருக்க, சிவப்பு முனை வாரத்துக்கு ஒரு அங்குலம் தேய்ந்தது.

"யாரு, என்ன, எங்க, எப்போ. இது நாலும் போதும். மத்ததெல்லாம் கொழுப்பு" என்பாள் அம்மா. நலம் விசாரிப்பு கொழுப்பு. வர்ணனை கொழுப்பு. ஒரு தரம் சொன்னதை மறுதரம் சொன்னால் கொழுப்பு. வருத்தப்பட்டான், சந்தோஷப்பட்டான் என்பதெல்லாம் படித்த கொழுப்பு. எவ்வளவு பெரிய பாடமாக இருந்தாலும் ஐந்து வரி. ஆறாவது வரி எழுதினால், அதில் என்ன இருக்கிறது என்றுகூட அம்மா பார்க்கமாட்டாள். வரிகளை விரலால் எண்ணுவாள், ஆறு என்று வந்ததும் பக்கத்தைக் கிழித்துக் கையில் கொடுப்பாள். பிறகு முதலிலிருந்து எழுதவேண்டும்.

அண்ணனுக்கு அது வரவே இல்லை. அவன் படித்ததையெல்லாம் நெஞ்சில் ஏற்றிக்கொள்கிறவன். எதை விடுவது என்று தெரியாமல் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கிழவன் ஒருவன் தன் செக்குமாட்டைச் சந்தைக்கு ஓட்டிப்போகிற நான்கு பக்கப் பாடம் ஒன்று. மாடு திரும்பித் திரும்பிப் பார்த்ததை விட மனமில்லாமல் அவன் ஒன்பது வரி எழுதினான். மூன்று தரம் கிழிபட்டு அழுதுவிட்டான். நான் எழுதியது இது: 'மாடு கிழடானது. விற்றார்கள்.' அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சாயங்காலம் அப்பா வந்ததும் நோட்டை விரித்துக் காட்டினாள். பெற்ற தாயின் முகத்தில் அப்படியொரு சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதற்காக எதை வேண்டுமானாலும் வெட்டியிருப்பேன்.

எங்கள் பின்வாசலுக்கு எதிர்வாசல், பின்வீட்டு அக்கா. அவருக்கு அப்போது இருபத்தைந்து வயதிருக்கும். தனியாகத்தான் இருந்தார். அவர் வீட்டுக்காரர் முதலில் சங்கு குளித்துக்கொண்டிருந்து, பிறகு வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போய்விட்டவர். ஏறினால் ஒரு வருஷம் கழித்துத்தான் இறங்க முடியும். மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். அக்காவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும், அதுவும் அச்செழுத்து. கப்பலேறிவிட்டேன் என்று முதலில் வந்த இரண்டு வரியைக் கோயில் உபதேசியார் படித்துக் காட்டினாராம். பிரசங்கம் வைக்கிற குரலில் படித்ததில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அந்த வெட்கத்தில் அக்கா அம்மாவிடம் வந்தார்.

"டீச்சர், ஒரு காயிதம் வந்திருக்கு. படிச்சுச் சொல்லணும்."

அம்மா கவரைத் தொடவில்லை. அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது அநாகரிகம் என்பது அவள் கொள்கை. ஆனால் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல பயிற்சி கண்ணெதிரே நிற்கிறதே. "இங்க ரெண்டு பேரு இருக்காங்க. மனசுக்குள்ள படிச்சு, சுருக்கி எழுதி, அதை உனக்கு வாசிப்பாங்க" என்றாள். எங்களைத் தனியே கூப்பிட்டு, "புருசன் பெண்டாட்டி கொஞ்சுத சங்கதி இருந்தா அதத் தொடக்கூடாது. சின்னப்பிள்ள வாயில அது வரப்படாது" என்று இன்னொரு விதியையும் சேர்த்தாள்.

நானும் அண்ணனும் தனித்தனியாக எழுதினோம். நான்கு பக்கக் கடிதம். மெல்லிசான காகிதம், டீசல் வாடை. என் சுருக்கம் இன்றைக்கும் மனப்பாடம். 'நலம். கப்பல் மொம்பாசா வந்துள்ளது. வேலை கடினம். கூரையை மழைக்கு முன் மாற்றவும். அடுத்த கடிதம் அடுத்த மாதம்.' சரியாக ஐந்து. அண்ணன் எழுதியதில் இதே ஐந்து வரியும், அதற்குக் கீழே இன்னும் இரண்டும் இருந்தன. 'புறப்படும் முன் சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்கிறார். தூக்கம் வரவில்லை என்கிறார்.' அம்மா விரல் வைத்து எண்ணினாள். ஆறு, ஏழு. வழக்கம்போலக் கிழித்தாள்.

அக்கா எங்கள் பின்வாசல் படியில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு காத்திருந்தார். நான் போய் நின்று வாசித்தேன். வாசித்து முடிக்கக் கால் நிமிஷம் ஆகியிருக்காது.

"இவ்வளவுதானா ஏளா? நாலு பக்கம் இருக்கே."

"அவ்வளவுதான்க்கா. மத்ததெல்லாம் சொன்னதையேதான் சொல்லியிருக்காங்க."

அக்கா கடிதத்தை வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்து, மடித்து வைத்துக்கொண்டார். கவரிலிருந்த ஸ்டாம்பை மட்டும் கிழித்து அண்ணனிடம் கொடுத்தார்.

எனக்கு அக்காவை ரொம்பப் பிடிக்கும். அம்மா தலை வாரினால் மண்டைத்தோல் வலிக்கும், அக்கா வாரினால் தூக்கம் வரும். ஒருநாள் பேன் பார்த்துக்கொண்டே, பெரிய மனுஷியிடம் பேசுவதுபோல என்னிடம் சொன்னார். வீட்டுக்காரர் கப்பலேறப் புறப்படுவதற்கு முந்தின நாள் வீட்டில் விருந்து. புன்னைக்காயலிலிருந்து அக்காவின் அண்ணன்மார் வந்திருந்தார்கள். கல்யாணமாகி ஐந்து வருஷம், பிள்ளை இல்லை. பேச்சு எங்கேயோ சுற்றி அங்கே வந்ததும், வீட்டுக்காரர் எல்லார் முன்னாலும் சோற்றுக் கையோடு, "வெறுஞ்சிப்பிய என் தலையில கட்டிட்டீங்க" என்று சொல்லிவிட்டாராம். முத்து எடுக்கிற கடற்கரையில் ஒரு பெண்ணைச் சொல்ல அதைவிட மோசமான சொல் கிடையாது. அண்ணன்மார் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார்கள்.

"வந்துரு, இவன் வேண்டாம்னு அண்ணன்மாரு கூப்பிடுதாவ" என்றார் அக்கா. "நான்தான் போகல. அவிய கோவத்துல சொன்னாவளா, மனசுல இருந்துதான் சொன்னாவளான்னு எனக்குத் தெரியணும். காயிதத்துல ஒரு வார்த்தை வருத்தப்பட்டு எழுதுனா போதும், இங்கனயே கெடந்து செத்துருவேன். இல்லன்னா போயிருவேன்."

அண்ணனின் கிழிந்த பக்கம் என் கண் முன்னால் நின்றது.

அப்போதே சொல்லியிருக்கலாம். 'கேட்டிருக்காருக்கா' என்று ஒரு வார்த்தை. ஏன் சொல்லவில்லை என்று ஐம்பது வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நீங்கள் சமாதானம் சொல்வீர்கள். வேண்டாம். எனக்குத் தெரிந்திருந்தது. சொன்னால், முதலில் வாசித்தபோது ஏன் விட்டாய் என்று கேள்வி வரும். அது அம்மா காதுக்குப் போகும். ஒன்றும் விடாமல் சுருக்குகிறவள் என்கிற என் பெயர் போகும். இது ஒரு காரணம். இன்னொன்றைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. நான் வாசிக்கும்போது அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு பெரிய பெண்ணின் முகம் என் வாயிலிருந்து வருகிற சொல்லுக்காக ஏங்கி நின்று, பிறகு தொங்கிப்போகும். அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த கடிதத்திலும் அது இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. ஒவ்வொன்றிலும் முந்தினதைவிட நீளமாக இருந்தது. அண்ணன் இரண்டாம் தரமும் எழுதி இரண்டாம் தரமும் கிழிபட்டான். மூன்றாம் கடிதத்திலிருந்து அவனும் ஐந்து வரிக்கு வந்துவிட்டான். அம்மா அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள். கொல்லைப்புறத்தில் வைத்து அவன் என்னிடம் கேட்டான்.

"ஏளா, அவரு மன்னிப்புக் கேட்டுக்கிட்டே இருக்காரே, அதச் சொல்லாண்டாமா?"

"நீ எழுது. அம்மா கிழிப்பா."

அக்கா எனக்குச் சொன்னதை நான் அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் ஓடிப்போய் அவரிடம் சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும்.

பதில் எழுதுவதும் நாங்கள்தான். அக்கா படியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் மடியில் அட்டை வைத்துக் குறித்துக்கொள்வேன். அக்கா சொல்கிற பேச்சுக்கு ஒழுங்கே இருக்காது. பனிமய மாதா தேர் அன்றைக்கு மழை வந்தது, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது, ராத்திரி காத்தடித்தால் கதவு தானாகத் தட்டுகிறது, திறந்து பார்க்கிறேன், ஒருத்தரும் இல்லை. கடைசியில் குரல் இறங்கும். "நீரு ஒரு வார்த்தை எழுதும். வேற ஒண்ணும் கேக்கல. ஒரே ஒரு வார்த்தை." அதை அம்மாவிடம் கொண்டுபோவேன். பென்சிலின் சிவப்பு முனை மேலிருந்து கீழே இறங்கும். "ஒரு வார்த்தை, ஒரு வார்த்தைன்னு என்ன பிச்சையா கேக்கா? வெட்டு" என்றாள் அம்மா. கடைசியில் கப்பலுக்குப் போனது இதுதான்: 'இங்கு அனைவரும் நலம். கூரை மாற்றியாயிற்று. தேர்த் திருவிழா நடந்தது. மழை பெய்தது. வேறு விசேஷம் இல்லை.'

என்னுடைய மணிமணியான கையெழுத்தில் அப்படிப் பல கடிதங்கள் போயின. ஒருவர் பக்கம் பக்கமாக மன்னிப்புக் கேட்கிறார். வேறு விசேஷம் இல்லை என்று பதில் போகிறது. அவர் இன்னும் நீளமாகக் கேட்கிறார். இங்கே மழை பெய்தது என்று பதில் போகிறது. அம்மாவுக்கு என்மேல் தனிப் பெருமை. தனித்தேர்வில் உட்கார வைத்தால் மாவட்டத்திலேயே முதலாவதாக வருவேன் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாவது கடிதம்தான் கடைசி. ஏழு பக்கம் இருந்தது. நான் கொஞ்சம் அலுப்போடுதான் பிரித்தேன். இத்தனை தடவை கேட்டும் நீ அதைப் பற்றி ஒரு எழுத்துகூட எழுதவில்லை, உன் மனசு ஆறவில்லை என்று புரிந்துகொண்டேன் என்கிற கருத்தில் எழுதியிருந்தார். இந்தக் கடிதத்துக்காவது வா என்று பதில் வந்தால் ஊருக்கு வருகிறேன், வராவிட்டால் பம்பாயில் இறங்கி அங்கிருந்தே வேறு கப்பல் ஏறிவிடுகிறேன் என்றும் இருந்தது. நான் எழுதியதைக் கேளுங்கள். 'நலம். இந்தக் கப்பலில் ஒப்பந்தம் முடிகிறது. பம்பாயில் இறங்குகிறார். அங்கிருந்து வேறு கப்பல் ஏறுகிறார். ஊருக்கு வரவில்லை.'

அம்மா நீல முனையால் ஓரத்தில் 'மிக நன்று' என்று எழுதினாள். அவள் அப்படி எழுதியது அந்த ஒரு தடவைதான்.

அக்கா கேட்டுவிட்டு, "ஊருக்கு வராமலேயா?" என்றார்.

"ஆமாக்கா."

"அத்தனை பக்கத்துலயும் அது ஒண்ணும் இல்லையா?"

எது என்று நான் கேட்கவில்லை. "இல்லக்கா" என்றேன்.

மறுநாள் காலை அக்கா வீட்டு அடுப்படியிலிருந்து நீலப் புகை வந்தது. எட்டிப் பார்த்தேன். வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தார். கடிதங்களை ஒவ்வொன்றாக விரித்து, சுருட்டி, அடுப்புக்குள் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "அஞ்சு வரிக்கு இவ்வளவு காயிதம் எதுக்கு, சொல்லு" என்று சிரித்தார். அந்த வெந்நீரில் குளித்துவிட்டு, சாயங்காலம் தன் பெரிய அண்ணனோடு புன்னைக்காயலுக்குப் போய்விட்டார். பதில் கடிதம் எழுதச் சொல்லவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

மூன்று மாதம் கழித்து வீட்டுக்காரர் வந்தார். பதில் வராவிட்டாலும் மனசு கேட்கவில்லை என்று பம்பாயிலிருந்து ரயிலேறி வந்துவிட்டார். கறுத்து மெலிந்த மனிதர், கையில் ஒரு சின்ன டேப் ரிக்கார்டர் பெட்டி. பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு எங்கள் பின்வாசலுக்கு வந்தார். அம்மா நடந்ததைச் சொன்னாள். "என் காயிதமெல்லாம் அவளுக்கு யாரு படிச்சா டீச்சர்?" என்று கேட்டார். அம்மா பெருமையாக என்னை முன்னால் நிறுத்தினாள். என் நோட்டையும் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவர் படியில் உட்கார்ந்து புரட்டினார். ஒன்பது கடிதம், ஒன்பது ஐந்து வரி, எல்லாவற்றுக்கும் நீலத்தில் சரி. திரும்பவும் முதலிலிருந்து புரட்டினார். நோட்டைப் படியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் மத்தியானம் எல்லாருமாக வந்தார்கள். அவர், அக்கா, அக்காவின் பெரிய அண்ணன். அக்கா எங்கள் வாசலுக்குள் வரவில்லை, படிக்குக் கீழேயே நின்றார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்" என்றார் அக்காவின் அண்ணன். "எல்லாக் காயிதத்துலயும் மன்னிப்புக் கேட்டிருக்கேன்னு சொல்லுதாரு. இவ அப்படி ஒண்ணும் இல்லங்கா. காயிதத்தையும் எரிச்சிட்டா. உங்க பிள்ளதான படிச்சது?"

வீட்டுக்காரர் அக்காவைப் பார்த்து, "இப்பவும் கேக்கேன். எல்லாரும் இருக்கையில கேக்கேன்" என்றார்.

அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. "ஊருக்கு வந்து நின்னு கேக்கது யாருக்கும் வரும். அங்கன ஒத்தையில இருக்கும்போது தோணுச்சா, அதான் எனக்குத் தெரியணும். தோணாததத் தோணுச்சுன்னு சொன்னா, அன்னைக்குச் சொன்னதவிட இது மோசம்." பிறகு என்னைப் பார்த்தார். "இந்தப் பிள்ள பொய் சொல்லாது. ஏளா, நீ சொல்லு. அதுல இருந்துச்சா?"

அம்மா என் தோளில் கை வைத்திருந்தாள். "எம்பிள்ள முக்கியமானது எதையும் விடமாட்டா. இருந்திருந்தா எழுதியிருப்பா" என்றாள். அவள் அதை நம்பித்தான் சொன்னாள். கைச்சூடு என் தோளில் இறங்கிக்கொண்டிருந்தது.

"இல்லக்கா" என்றேன்.

உள்ளேயிருந்து அண்ணன் ஓடிவந்தான். "இருந்துச்சு. நான் எழுதுனேன், அம்மா கிழிச்சிட்டா. எல்லாத்துலயும் இருந்துச்சு" என்றான். அவனுக்கு மூச்சு வாங்கியது.

"நீ சும்மா இருலே" என்றாள் அம்மா. "ஒரு பாடத்த ஒழுங்காச் சுருக்கத் தெரியாது. நீ என்னத்தப் படிச்ச, என்னத்தக் கண்ட? ஸ்டாம்புக்கு ஆசப்பட்டுப் பேசுதான்." வந்தவர்களைப் பார்த்து, "இவனுக்குப் படிப்பு மட்டு" என்று விளக்கமும் சொன்னாள்.

அவர்கள் என்னை நம்பினார்கள். எல்லாரும் என்னைத்தான் நம்பினார்கள். வீட்டுக்காரர் மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கோபமாகப் பார்த்திருந்தால் மறந்திருப்பேன். ஒரு பிள்ளை எதற்காக இப்படிச் செய்யும் என்று உண்மையிலேயே புரியாமல் பார்த்தார். அக்கா தரையில் காறித் துப்பிவிட்டு நடந்தார். அது எனக்காக அல்ல, வீட்டுக்காரருக்காக.

அந்த ஜூன் மாதம் அம்மாவின் கோபம் தணிந்து எங்களைப் பள்ளியில் சேர்த்துவிட்டாள். வீட்டுக்காரர் மறுபடி பம்பாய் போய்க் கப்பலேறினார். பிறகு இந்தப் பக்கம் வரவே இல்லை. பல வருஷம் கழித்து, எங்கேயோ ஒரு துறைமுகத்து ஆஸ்பத்திரியில் காலமானார் என்று மாதா கோயிலில் வாசித்தார்கள். அண்ணன் என்னோடு பேசாமல் இருந்ததில்லை. நல்லது கெட்டதுக்கு வருவான், சாப்பிடுவான், போவான். அந்த மத்தியானத்தைப் பற்றி மட்டும் சாகிறவரை ஒரு சொல் எடுத்ததில்லை. அம்மாவும் போய்விட்டாள். தன் வாழ்க்கையில் செய்த ஒரே உருப்படியான காரியம் எனக்குச் சுருக்கக் கற்றுக்கொடுத்ததுதான் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். பதினோரு பக்கம் எழுதிய தன்னை யாரும் படிக்கவில்லை என்கிற வலியில் அவள் செய்தது அது என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது. அதற்காக அவளை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள்.

போன வருஷம்தான் புன்னைக்காயலுக்குப் போனேன். அக்கா உயிரோடிருக்கிறார் என்று தற்செயலாகத் தெரிந்தது. தன் அண்ணன் மகன் வீட்டில், பின் அறையில், கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். ஐம்பது வருஷமும் அந்த வீட்டில்தான் மீன் ஆய்ந்துகொண்டும், அடுத்தவர் பெற்ற பிள்ளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டும் இருந்திருக்கிறார். விரல்களில் செதில் கீறிய தழும்புகள். என்னைத் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. "டீச்சர் வீட்டுப் பிள்ளையா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பஸ்ஸில் வரும்போதெல்லாம் ஒத்திகை பார்த்ததை அப்படியே சொன்னேன். வீட்டுக்காரர் மன்னிப்புக் கேட்டிருந்தார், எல்லாக் கடிதத்திலும் கேட்டிருந்தார், எனக்குத் தெரியும், தெரிந்துதான் மறைத்தேன், கேட்டபோது பொய் சொன்னேன். அக்கா திட்டுவார், அழுவார், வெளியே போ என்பார் என்று நினைத்தேன். அதற்கெல்லாம் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் என் கையை விடவில்லை. எழுந்து உட்காரப் பார்த்தார், நான் தாங்கிப் பிடித்தேன். தலைமுடியை ஒதுக்கி, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார். என் வாயைப் பார்த்தார்.

"என்னன்னு எழுதியிருந்தாவ? அவிய சொன்ன மாதிரியே சொல்லு. எல்லாத்தையும் சொல்லு. எனக்கு வேலை ஒண்ணும் இல்ல."

எனக்கு நினைவில்லை. ஒன்பது கடிதத்தின் சுருக்கமும் இன்றைக்கும் ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்வேன். கப்பல் மொம்பாசா வந்துள்ளது. கூரையை மாற்றவும். அந்த மனிதர் தன் வாயால் சொன்னதில் ஒரு வாக்கியம், ஒரு சொல், அக்காவை எப்படிக் கூப்பிட்டு எழுதினார் என்பதுகூட எனக்குள் இல்லை. அதை உலகத்தில் படித்தவர்கள் இரண்டே பேர், நானும் அண்ணனும். அண்ணன் செத்துப்போனான்.

அக்கா காத்திருந்தார். அந்த முகத்தை என்னால் தாங்க முடியவில்லை. "'என் கண்ணே, நான் சொன்ன சொல்லு என் நெஞ்சைச் சுட்டுக்கிட்டே இருக்கு'ன்னு எழுதியிருந்தாங்கக்கா" என்று ஆரம்பித்தேன். இன்னும் ஒன்றிரண்டு வரி கோத்துச் சொன்னேன்.

அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என் கையை விட்டார்.

"அவிய இப்படிப் பேசமாட்டாவ ஏளா. இது நீ எழுதுனது."

மெதுவாகச் சாய்ந்து படுத்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் போகலாமா இருக்கலாமா என்று தெரியாமல் நின்றேன். அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"நெசமா ஏதாவது ஞாபகம் வந்தா வா. ரொம்ப நாள் ஆக்கிராத."

ஒரு வருஷமாக யோசிக்கிறேன். ஒரு வார்த்தைகூட வரவில்லை.